வாங்குவோர் கேள்வி-பதில்: ‘மரைன்’னு சொல்லித்தானே கொடுத்தாங்க!

மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை. வீட்டு மாடியில் சின்னதாக ஒரு பாய்மரப் படகு செய்தேன் என்று போன மாதம் ஏதோ ஒரு பதிலில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், கிழக்குக் கடற்கரையில் பாதி மொட்டை மாடிகளில் படகு வேலை நடக்கிறது போலிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கடலூர் வாசகர்: 8 அடிப் படகுக்காக 6 மி.மீ. மரைன் பிளை நான்கு ஷீட் வாங்கினேன். சதுர அடி 55 ரூபாய், மொத்தம் 7,040. பில்லிலும் ‘மரைன் பிளை’ என்றே எழுதியிருக்கிறது. தண்ணீரில் இறக்கிய பத்தாம் நாள் அடிப்பலகை உப்பி, தகடு தகடாகப் பிரிகிறது. ஷீட் மூலையில் ஐ.எஸ். 303 என்று முத்திரை இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ‘படகுக்குன்னு சொல்லியிருந்தா வேற கொடுத்திருப்பேனே’ என்கிறார் கடைக்காரர்.

மரைன் என்று கேட்டவருக்கு மரைன் கொடுக்காமல், படகு என்று ஏன் கேட்கவில்லை என்கிறார். நல்ல நியாயம்!

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. நம் ஊர்க் கடைகளில் ‘மரைன்’ என்றால் கடல் என்று பொருள் இல்லை. ‘கிச்சன் கபோர்டுக்குப் போடலாம், தண்ணி தெளிச்சாலும் ஒண்ணும் ஆகாது’ என்று பொருள். மரைன் பிளை, மரைன் பெயின்ட், மரைன் கயிறு, மரைன் ஸ்க்ரூ. போன வருடம் ஒரு கடையில் எனக்கு மரைன் சுத்தியல் காட்டினார்கள். கைப்பிடி நீல நிறம், வேறு வித்தியாசம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

சொல்லை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட். கடலுக்கானது ஐ.எஸ். 710. அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது, உள்ளே இருக்கும் மரத்தாள்களுக்கும் பூச்சி, பூஞ்சைக்கு மருந்து ஏற்றியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிட வேலை.

முத்திரையை மட்டும் நம்பியும் நான் ஏமாந்திருக்கிறேன். ஏழு வருடம் முன்பு வாங்கிய மூன்று ஷீட்டில் ஒன்றை அறுக்கும்போது ரம்பத்தின் சத்தம் திடீரென்று மாறியது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் நடு அடுக்கில் ஒரு பொந்து. கோணி ஊசியை விட்டேன், இரண்டு அங்குலம் தடையில்லாமல் போயிற்று. மேலே பளபளவென்று முகத்தாள், உள்ளே காற்று. அன்றிலிருந்து ஒரு கையகலத் துண்டு வாங்கிவந்து பழைய இட்லிக் குண்டானில் நாள் முழுக்கக் கொதிக்கவிட்டுப் பார்க்காமல் ஷீட் வாங்குவதில்லை. மோசமான பிளை நாலு மணி நேரத்திலேயே நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி விரிந்துவிடும். வீட்டில் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் விஷயம்: பில்லில் ‘மரைன்’, பலகையில் 303. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பிரிந்த பலகை, முத்திரை, பில் எல்லாவற்றையும் படமெடுத்து, கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பலகை விலையோடு, மேலே பூசி வீணாய்ப்போன ரெசின் பசைக்கும் ஆசாரி கூலிக்கும் சேர்த்துக் கேளுங்கள். அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

காரைக்கால் வாசகர்: பலகைகளை ஆணியும் தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையும் வைத்துச் சேர்த்தால் போதாதா? எங்கள் கட்டில் 20 வருடமாக நிற்கிறதே!

கட்டிலைக் கடலில் இறக்குவதில்லை.

தூத்துக்குடி வாசகர்: எங்கள் ஊர் ஃபைபர் படகுகள் எல்லாம் பாலியெஸ்டர் ரெசினில்தான் செய்கிறார்கள். எபாக்ஸி என்ற இன்னொரு ரெசின் மூன்று, நான்கு மடங்கு விலை. பிளைவுட் படகுக்கும் பாலியெஸ்டரே போடலாமா?

வேண்டாம். ஃபைபர் படகில் அச்சுக்குள் கண்ணாடி இழையும் ரெசினும் மட்டும் ஒன்றாக இறுகுகின்றன, மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலையே அதற்கு இல்லை. மரம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் பாலியெஸ்டர் பூசினால் முதல் வருடம் அழகாக இருக்கும். அப்புறம் ஓர் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தால் பலாச்சுளை மேல்தோல் மாதிரி உரிந்துவரும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மரத்தை அழுக வைத்திருக்கும்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் எபாக்ஸியை எங்கே போடுவது என்பதில் குறையுங்கள். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியை அப்பி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டும் முறையில் உள்சட்டமே பெரிதாகத் தேவையில்லை. 1962-ல் இங்கிலாந்தில் வடிவமைத்த ‘மிரர்’ படகு இந்தத் தையல் முறையில்தான் பல்லாயிரக்கணக்கான வீடுகளில் உருவானது. மூட்டுகளுக்கும் அடிப்பாகத்துக்கும் இழை, மற்ற இடங்களுக்கு எபாக்ஸி பூச்சு மட்டும் போதும். கடைசியில் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள், எபாக்ஸிக்கு வெயில் ஆகாது.

பெயர் வெளியிட வேண்டாம், புதுச்சேரி: எல்.ஒய். 556 எபாக்ஸி ரெசினும் அதை இறுக வைக்கும் எச்.ஒய். 951 ஹார்டனரும் வாங்கினேன். ஒரு வாரம் ஆகியும் அல்வா மாதிரி ஒட்டுகிறது. போலிச் சரக்கு என்று நினைக்கிறேன். பாதிக்குப் பாதி சரியாகத்தான் கலந்தேன். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பாதிக்குப் பாதியா! சின்ன ட்யூப் ஜோடியில் பசை வாங்கி ஒட்டிய பழக்கம். அந்த ஜோடி வேறு, இது வேறு. நீங்கள் சொல்லும் ஜோடிக்கு எடையில் 100 பங்கு ரெசினுக்கு 10 பங்கு ஹார்டனர். ஹார்டனர் கூடினால் வேகமாக இறுகாது, இறுகவே இறுகாது. சரக்கு போலியில்லை, கடைக்காரர் மேல் தப்பும் இல்லை, பணமும் வராது. ஆயிரக்கணக்கில் ரெசின் வாங்குகிறவர் சில நூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு வாங்கமாட்டேன் என்றால் நான் என்ன செய்ய? டப்பாவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தீர்களா என்று கேட்கப்போவதில்லை, பதில் தெரியும். ஒட்டுகிற அத்தனையையும் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, மறுபடி ஆரம்பியுங்கள். அடுத்த முறை வாளியில் கலக்காதீர்கள். ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்தால் தானாகச் சூடேறிப் புகையும்.

ராமநாதபுரம் வாசகி: பழைய பாய்மரப் படகு விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம். ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றல் வந்ததால் விற்பதாகவும் சொன்னார். அடையாள அட்டைப் படமும் அனுப்பினார். முன்பணம் 5,000 அனுப்பினேன். பிறகு, ‘அது திரும்பி வந்துவிட்டது, இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்கள், பணம் உங்களுக்கே வரும்’ என்றார். 18,000 போய்விட்டது. என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக நினைத்தது. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

முதலில், உங்களைத் திட்டுகிறவர்களை இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். இதையே தொழிலாகக் கற்று, நாளெல்லாம் இதே கதையைச் சொல்லிப் பழகியவனிடம் நீங்கள் தோற்றிருக்கிறீர்கள். படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் இதே ராணுவக் கதையில் விழுந்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் அவன்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பதால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தாமதமாகிவிட்டாலும் புகாரைப் போடுங்கள். க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுவது, யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடுவது இரண்டும் பணம் கொடுக்க மட்டும்தான், வாங்க ஒருபோதும் தேவையில்லை. மகனிடம் சொல்லுங்கள்: ‘ஆப்டிமிஸ்ட்’ என்று உலகமெங்கும் பிள்ளைகள் ஓட்டும் படகை 1947-ல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்ததே, சாதாரணக் குடும்பங்கள் இரண்டு 8×4 பிளைவுட்டில் செய்துகொள்ளட்டும் என்றுதான். ‘பட்டில் டக் ரேசர்’ என்ற 8 அடிப் பெட்டிப் படகின் வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. லீவில் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். பிளைவுட் வாங்கப் போகும்முன் மேலே கடலூர்க்காரர் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: 8 அடிப் படகுக்கே 30,000-க்குள்தான் ஆனது. பாய்க்கு மட்டும் 28,000 கேட்கிறார்கள். தார்ப்பாயில் தைத்தால் கேலி செய்வார்களா?

கேலி செய்கிறவர் 28,000 தரட்டும். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போகும் வேகத்தில், பாய் எந்தத் துணி என்று யாரும் கேட்பதில்லை.

8 அடிப் படகுக்குப் பெரிய பாய் எதற்கு? ஆப்டிமிஸ்ட் பாயே 3.3 சதுர மீட்டர்தான். நாலு மூலைப் பாயாக வெட்டி, மேல் ஓரத்தைப் பருமல் என்ற குறுக்குக் கழியில் கட்டி ஏற்றும் முறையில் போங்கள். கட்டையான பாய்மரம் போதும், கம்பி இழுத்துக் கட்ட வேண்டாம், அதனால் கம்பியை மாட்டும் ஷேக்கிள், அதை இறுக்கும் டர்ன்பக்கிள் செலவும் இல்லை. பாய்மரத்துக்கு நேரான கல் மூங்கில் ஒன்றே போதும்.

தார்ப்பாயின் ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு வைத்துத் தையுங்கள். மூலைகளுக்கு மூன்று, நான்கு மடிப்பு வேண்டும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். என் முதல் பாயைச் சட்டை தைக்கும் பருத்தி நூலில் தைத்தேன். சித்திரை வெயில் முடிவதற்குள் நூல் பொடிந்து, முட்டுக்காட்டுக் காயலில் நடுவழியில் கீழ்மூலை பிரிந்து முகத்தில் அறைந்தது. தார்ப்பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மானம் போனதற்கு நூல்கண்டின் விலை 20 ரூபாய்.

இன்னொரு வழி, பந்தயத்துக்கு உதவாமல் ஓய்ந்த ஆப்டிமிஸ்ட் பாய். சென்னையில் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். பந்தயக்காரருக்குத் தொய்ந்த பாய் நமக்குப் பட்டுத்துணி.

சென்னை வாசகர்: ஷேக்கிள், ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றுதான் வாங்கினேன். காந்தம் வைத்தும் பார்த்தேன், ஒட்டவில்லை. மூன்று வாரத்தில் துரு.

கை கொடுங்கள். எனக்கும் அதே மூன்று வாரம்தான். கிலோ கணக்கில் மலிவு என்று ஒரு கடையில் அள்ளிவந்தேன், பாய் முழுக்க டீக்கறை மாதிரி பழுப்பு வட்டம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 202 ரகத்திலும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. உப்புத் தண்ணீருக்கு 316, அதில்தான் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். பில்லில் ‘எஸ்.எஸ். 316’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. பித்தளை ஸ்க்ரூ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், கடல் நீரில் அதன் துத்தநாகம் கரைந்து வெறும் கூடு மிஞ்சும்.

வேதாரண்யம் வாசகர்: கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு பாய் ஏற்ற ஆகுமா?

துணி காயப்போட ஆகும். பாய் ஏற்ற பாலியெஸ்டர், நங்கூரத்துக்கு நைலான்.

சிதம்பரம் வாசகர்: எங்கள் விடுதி விருந்தினருக்கு வாடகைக்கு விட நான்கு சிறு பாய்ப் படகுகள் செய்யச் சொன்னேன். இரண்டில் விரிசல். நுகர்வோர் ஆணையத்தில் போடலாமா?

வியாபாரத்துக்கு வாங்கியவர் சட்டப்படி ‘நுகர்வோர்’ இல்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஒரே படகை வாங்கித் தானே ஓட்டுகிறவர் அதில் வருவார், ஆள் வைத்து விடுதி நடத்துகிற நீங்கள் வருவது கஷ்டம். வக்கீலைப் பாருங்கள்.

மரக்காணம் வாசகர்: 8 அடிப் படகு தயார். நான், மனைவி, பத்து வயது மகள் போகப்போகிறோம். 350 ரூபாய் லைஃப் ஜாக்கெட் இரண்டு வாங்கியிருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியும், இரண்டு போதுமா?

போதாது. ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதவைத் துணை மட்டுமே. கரையோரத்துக்கே 100 நியூட்டன் வேண்டும், மகளுக்கு அவள் எடைக்கு ஏற்ற அளவு வேண்டும். லேபிளே இல்லையென்றால் அது வெறும் ஆரஞ்சுச் சட்டை, திருப்பிக் கொடுங்கள். 8 அடிப் படகில் மூன்று பேர் ஏறுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. சரியான மூன்று ஜாக்கெட் வரும்வரை மூன்று பேரும் கரையில் இருங்கள். வந்தபிறகும் இரண்டிரண்டு பேராகப் போங்கள்.