கண்காட்சிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன், தனியார் நிறுவனமொன்றில் வேலை. வளர்ந்தது ஹப்புத்தளை. பத்து வருடமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் போய் எங்கள் மலைகளைப் படமெடுக்கிறேன். இப்போது 30 படங்களோடு முதல் தனிக் கண்காட்சி வைக்க ஆசை. பிரிண்டும் ஃப்ரேமும் படத்துக்கு 18,000 ரூபாய், மண்டபம், அழைப்பிதழ், திறப்பு விழா எல்லாம் 5 லட்சம். ஒரு படத்தை 30,000க்கு விற்கலாம் என்று எண்ணம். நிலையான வைப்பில் 12 லட்சம் இருக்கிறது, முதிர நான்கு மாதம். மாதம் 40,000 மிச்சம் பிடிக்கிறோம். வைப்பை உடைக்கட்டுமா, மனைவியின் நகையை அடகு வைக்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் உங்கள் கணக்கையே பாருங்கள்: 30 படமும் விற்றுத் தீர்ந்தால் கையில் வருவது 9 லட்சம், செலவு 10 லட்சத்து 40 ஆயிரம். சுவரில் ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் நட்டம்! அதற்கா நகை? தங்கம் ஏறி நிற்கும்போது அடகில் கேட்டதைவிடக் கூடத் தருவார்கள், ஆபத்தே அங்கேதான்.

காசு எங்கே போகிறதென்றால் ஃப்ரேமில். 30ஐ 16 ஆக்குங்கள். ஹப்புத்தளைக்குப் பக்கத்து மலை உச்சியான லிப்டன் சீட்டில் மூடுபனி ஏறுவதற்கு முன் எடுத்த படங்கள் உங்களிடம் எப்படியும் பத்திருக்கும், அவற்றில் எட்டு ஒரே மாதிரி இருக்கும், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். திறப்பு விழாவுக்கு ஹோட்டல் சாப்பாடு எதற்கு, நல்ல தேத்தண்ணியும் வடையும் போதும், தேயிலை மலைப் படங்களுக்கு அதைவிடப் பொருத்தம் ஏது? அந்த 5 லட்சம் 3 ஆகும். மொத்தம் 5 லட்சத்து 88 ஆயிரம்.

அதற்கு வழி இருக்கிறது. வைப்பு முதிரும்வரை தொடாதீர்கள், முன்கூட்டி உடைத்தால் வட்டி குறையும். முதிர்ந்ததும் 9 லட்சத்தைத் திரும்பப் போட்டுவிட்டு 3 லட்சத்தை எடுங்கள், எட்டு மாதச் சேமிப்பு 3 லட்சத்து 20 ஆயிரம், சரி, கடனே இல்லை. அந்த 3 லட்சம் திரும்பி வராது என்று இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள், மனைவியிடமும் அப்படியே சொல்லுங்கள்.

படத்துக்கு 30,000 என்பது குறைந்த விலை. ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பிரதிதான் என்று வரையறுத்து, எண் போட்டுக் கையெழுத்திட்டு 45,000 சொல்லுங்கள். சுவரில் ஒன்று போதும், மற்றதை விற்ற பிறகு அச்சடித்தால் போதும். கொழும்பு லயனல் வென்ட் கலையரங்கம் மாதிரி வாடகை மண்டபம் என்றால் விற்ற காசு பெரும்பாலும் உங்களுக்கே (அதற்குப் பெயர் தந்த, 1944இல் காலமான வென்ட்டே ஒரு புகைப்படக்காரர், இடம் பொருத்தம்தான்), தனியார் கேலரி என்றால் விற்பனையில் கணிசமான பங்கு கழிப்பார்கள், அதையும் சேர்த்துத்தான் விலை. எத்தனை வீதம், பணம் எப்போது கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊர்க்காரர் கொழும்பில் நிறையப்பேர், 45,000 கொடுக்க முடியாதவர்கள், ஆனால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தையும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் எழும் மலையையும் பார்த்தால் சும்மா போகமாட்டார்கள். ஃப்ரேம் இல்லாத சிறிய பிரிண்டுகளை 3,000க்கு வாசலில் வையுங்கள். முதல் நாளிலேயே ஓடும் சரக்கு அதுவாகத்தான் இருக்கும். மிஞ்சுகிற பெரிய படங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள், வெள்ளவத்தை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஹப்புத்தளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வாரம் மாட்டுங்கள், லொறிக்கூலி மட்டும்தான்.