பழைய ஏர்போர்ட்டும் ஓசூர் பயமும்

அன்புள்ள ஐயா,

ஓசூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு எங்கள் ஊர் வரை வந்துவிட்டது. என் பெரியப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. பெங்களூர் பழைய ஏர்போர்ட்டில் விமானங்கள் விழுந்ததால்தான் அதை மூடினார்கள், இங்கேயும் அதே கதி வரும் என்கிறார். 1990 விபத்தை அடிக்கடி சொல்வார். உண்மையா?

கு., காரிமங்கலம்

அன்புள்ள கு.,

பெரியப்பா சொல்லும் விபத்து நடந்ததுதான். ஆனால் பழைய ஏர்போர்ட்டை மூடியதற்கு அது காரணமில்லை.

1990 பிப்ரவரி 14, பகல் ஒரு மணி. வானம் தெளிவாகவே இருந்தது. பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 ரகப் பயணிகள் விமானம் ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி, மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள். தரையிறங்கும் நேரத்தில் வேகம் குறையாமல் எஞ்சின் தாங்கிப் பிடிக்க வேண்டும். அன்று விமானம் 'ஓப்பன் டிசென்ட்' என்ற நிலையில் இருந்தது. அதில் எஞ்சின் ஐடிலிலேயே, அதாவது மிகக் குறைந்த பலத்திலேயே, கிடக்கும். வேகம் விழுந்துகொண்டே போனதை விமானிகள் கவனித்தபோது உயரம் மிச்சமில்லை. எஞ்சின் பலத்தைக் கூட்டும் த்ராட்டில் கைப்பிடியைத் தள்ளினாலும் ஜெட் எஞ்சின் முழு பலத்துக்கு வரச் சில விநாடிகள் ஆகும், அந்த விநாடிகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏ320 இந்தியாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அரசு அத்தனை ஏ320களையும் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தது. இந்தத் தவறு எந்த ஊர் ஓடுபாதையிலும் நடந்திருக்கும்.

மற்ற விபத்துகளைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அந்த இடம் பயணிகளுக்காக உருவானதே அல்ல. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதை அது. பயணிகள் அப்புறம்தான் வந்தார்கள். அங்கே பறந்தவற்றில் பல சோதனை விமானங்கள். 1970 ஜனவரியில் மாருத் போர்விமானத்தைச் சோதித்தபோது குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் இறந்தார். பக்கத்துச் சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான். 2009இல் அங்கிருந்து கிளம்பிய 'சரஸ்' என்ற சிறிய சோதனை விமானம், பறக்கும்போதே எஞ்சினை அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனையில் பெங்களூரை அடுத்த பிடதி அருகே விழுந்து மூவர் இறந்தார்கள். 2019இல் மேம்படுத்தப்பட்ட மிராஜ் 2000 போர்விமானம் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். புது விமானம் நம்பிக்கையானதா என்று முதலில் தங்கள் உயிரை வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். இவர்களுடைய சாவை வைத்து ஓர் ஏர்போர்ட்டை ராசியில்லாதது என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பயணிகள் சேவை 2008 மே மாதம் நின்றது. கூட்டம் பெருகிவிட்டது, நகரம் சுற்றி வளைத்துக்கொண்டது, நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்தது. திறந்ததும் பழையதில் பயணிகள் சேவை நிறுத்தப்பட வேண்டும் என்பது புதிய நிலையத்தைக் கட்டிய நிறுவனத்தோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது பெரிய இழப்புதான். இப்போது நகரம் முழுவதையும் கடந்து போக வேண்டியிருக்கிறது.

அதே ஒப்பந்தத்தில்தான் ஓசூருக்கான முட்டுக்கட்டையும் இருக்கிறது. மைசூர், ஹாசன் தவிர, 150 கிலோமீட்டருக்குள் 25 வருடங்களுக்கு, அதாவது 2033 வரை, புதிய சர்வதேச விமான நிலையம் கூடாது. தமிழக அரசு 2024 ஜூனில் 2000 ஏக்கரில், வருடம் 3 கோடிப் பயணிகளுக்கான திட்டத்தை அறிவித்தது. விபத்து பயத்தைவிட, அந்த 2000 ஏக்கர் யாருடைய வயலிலிருந்து எடுக்கப்படும், அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. பெரியப்பாவும் அதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.