பழையதும் காணமும் பாக்டீரியாவும்: வயிறு பற்றிய கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, பழைய சோத்துல நல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்குன்னு சொல்லுதாவ. நிசமா? எப்படி ஊறப்போடணும்?

இருப்பது நிசம். நீச்சத்தண்ணியைப் புளிக்க வைப்பதே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நம் குடலில் தங்குவதில்லை. சில நாளில் வெளியேறிவிடும். பழையதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகிவிடுகிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி. அதைத் தின்று அவை பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுவே.

புழுங்கலரிசிச் சோற்றை வடித்து, சூடு தணிந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் மண்சட்டியில் போடுங்கள். சோற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். 8 முதல் 12 மணி நேரம் ஊறலாம். சித்திரை வெயிலில் 8 போதும். உப்பு, மோர், சின்ன வெங்காயம் எல்லாம் காலையில்தான்.

மதியச் சோற்றை ராத்திரி வரை அப்படியே போட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுதான் வினை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. ஈரமான வெதுவெதுப்பில் அவை பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. இளம்புளிப்பு வாடை சரி. சோறு நூல்விட்டாலோ அழுகல் வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

சங்கரன்கோவில்: காணத்துவையல் தின்னா வயிறு உப்பிக்கிடுது. காணத்தை விட்டுரவா?

விடவேண்டாம். காணம் (கொள்ளு), தட்டப்பயறு, கடலையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் உடைக்கின்றன. அப்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வருகின்றன. சிலருக்கு மீத்தேனும் சேரும். அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும் என்பதால் துவையலுக்குக் காணத்தை வறுத்து அரைப்பதைவிட, ஊறவைத்து வேகவைப்பது உங்களுக்கு ஒத்துப்போகும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் குறையும். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் அளவைக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். ஒரேயடியாகக் கிண்ணம் நிறையத் தின்றுவிட்டுப் பயற்றைத் திட்டுவதில் நியாயமில்லை.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: உடம்பில் 2 கிலோ பாக்டீரியா இருக்கிறதாமே?

பழைய கணக்கு, தங்கச்சி. 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி 70 கிலோ ஆணின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். மொத்த எடை 200 கிராம் அளவுதான். பெரும்பகுதி பெருங்குடலில்.

தென்காசி: நாங்க சுத்த சைவம். குடல் பாக்டீரியாவே பி12 செய்யும்னா எங்களுக்கு ஏன் குறையுது?

செய்யும் இடமும் உறிஞ்சும் இடமும் வேறு. பி12-ஐ உடம்பு உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பாக்டீரியா அதிகம் செய்வது அதைத் தாண்டிய பெருங்குடலில். அது மலத்தோடு போய்விடும். பால், தயிரில் ஓரளவு கிடைக்கும். சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது அவசியம். அந்த மாத்திரையும் அதைக் குறைக்கும்.

வள்ளியூர்: ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது மோர் குடிக்கலாமா?

குடிக்கலாம், இடைவெளி விட்டு. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் மோரிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்; 2 மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மருந்து எடுக்கும்போதோ, முடித்துச் சில வாரங்களுக்குள்ளோ ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால், ரத்தமோ காய்ச்சலோ இருந்தால், கடையில் லோபரமைடு என்ற வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை வாங்கி அடக்காதீர்கள். நல்ல பாக்டீரியா அழிந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கெட்ட பாக்டீரியா பெருகியிருக்கலாம். டாக்டரிடம் ஆன்டிபயாடிக் பெயரோடு சொல்லுங்கள்.

களக்காடு: இட்லி மாவு பாக்டீரியா?

ஆவியில் செத்துவிடும். மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்வதோடு அவற்றின் வேலை முடிந்தது.

நாங்குநேரி: அல்சர் காரம் தின்னுதான் வருதா, அண்ணாச்சி?

காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யலாம். அதற்கு முன் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். நிறுத்துவதை டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.