வகுப்பறையில் மும்மொழிக் கல்வெட்டு

கேள்வி: தரம் 10 மாணவருக்கு வரலாறு கற்பிக்கிறேன். மூலாதாரங்களைக் கொண்டு கற்பிக்குமாறு கூறுகிறார்கள். பழைய ஆவணங்களின் மொழி மாணவருக்கு விளங்குவதில்லை. பாடத்திட்டத்தை முடிக்கவும் நேரம் போதவில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: ஒரு தவணைக்கு ஒரேயொரு மூலாதாரம் போதும், ஆனால் அதை மாணவர் தாமே வாசித்து, தாமே கேள்வி கேட்க வேண்டும். விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த ஆவணம் பாடநூலுக்கு ஒரு படமாக மட்டுமே நின்றுவிடும்.

கொழும்பில் கற்பிக்கும் உங்களுக்கு, தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டையே நான் பரிந்துரைப்பேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் இக்கல் 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி இலங்கையின் தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த இந்துக் கடவுளான தேனாவரை நாயனாரையும், சிதைந்துள்ள பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறிப்படி இறைவனையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன.

மொழிச் சிக்கலுக்கு அஞ்ச வேண்டாம். மூன்று பகுதிகளையும் எளிய தமிழில் எழுதி, வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள். காணிக்கை யாருக்குச் செலுத்தப்பட்டது என்று கேட்டால் மூன்று விடைகள் வரும்; மூன்றும் ஒரே கல்லில் உள்ளவை என்று அதன் பின்னரே கூறுங்கள். செங் ஹோவை அனுப்பிய சீனப் பேரரசர் ஒருவரே ஏன் மூவரையும் போற்றினார், அன்று நமது துறைமுகங்களில் எவரெவர் வணிகம் செய்தனர், தமிழ் ஏன் அதில் இடம்பெற்றது என்ற கேள்விகள் மாணவரிடமிருந்தே எழும். தமிழ்ப் பிள்ளைகள் இந்தக் கடைசிக் கேள்வியைத் தாமாகக் கேட்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அடுத்த பாடவேளையில் இன்னொரு செய்தியையும் முன்வையுங்கள்: செங் ஹோவின் படை இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்து 1411 இல் சீனாவுக்குக் கொண்டுசென்றதைச் சீன ஆவணங்கள் கூறுகின்றன. காணிக்கையைப் பொறித்த கல்லை மட்டும் வாசித்தவர் இந்த மோதலை ஊகித்திருக்கவே முடியாது. ஆகவே யார், யாருக்காக, எந்த நோக்கத்தோடு எழுதினார் என்பதையும், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் மாணவர் தம் கொப்பியில் எழுதட்டும். இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்; நூதனசாலைக்கு அழைத்துச் செல்வதானால், இவற்றுக்குப் பிறகு செல்லுங்கள்.