அப்பாவின் யாஷிகாவில் பூஞ்சை: மறுபடி ஓடுமா?

வாசகர் கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அலமாரியை ஒழித்தபோது, காலஞ்சென்ற அப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா தோலுறையோடு கிடைத்தது. லென்ஸுக்குள் வெள்ளை நூல் போல ஏதோ படர்ந்திருக்கிறது. அதற்குரிய பேட்டரி எந்தக் கடையிலும் இல்லை. இதை மறுபடி ஓடவைக்க முடியுமா? பழைய பிலிம் கேமராக்களைச் சேகரிக்கும் ஆசையும் வந்துவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சரிவருமா?

பதில்: பெரும்பாலும் ஓடும். முதலில் கேமராவைத் தோலுறையிலிருந்து வெளியே எடுங்கள், இன்றைக்கே. தோல் ஈரத்தை உறிஞ்சித் தன்னுள்ளே வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளை நூல் பூஞ்சை. அது வளர வாகான இடம் அந்த உறை. நினைவுப் பொருளாக உறையை வைத்திருக்க விரும்பினால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, தனியே வையுங்கள். கேமராவை மறுபடி அதற்குள் நுழைக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். லென்ஸில் பூஞ்சை முளைக்க 65, 70 விழுக்காடு சில வாரம் நீடித்தாலே போதும். இருட்டும் அசையாத காற்றும் கூடினால் இன்னும் வேகம். மூடிய அலமாரி இவை மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறது. பாச்சை உருண்டை போட்டு வைத்தால் பூஞ்சை வராது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கேமராவுக்கு அது கெடுதல்: உருண்டையின் ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். அரிசிப் பாத்திரமும் வேண்டாம். மாவுத்தூசி ஷட்டருக்குள் போகும்.

பூஞ்சை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். அதற்கு முன் பேட்டரி. ஜிஎஸ்என் 1973இல் வந்தது, 5.6 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. சுற்றுச்சூழல் காரணமாகப் பாதரச பேட்டரிகள் ஒழிக்கப்பட்டுவிட்டதால் அந்த அசல் இனி கிடைக்காது. ஆனால் 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி கிடைக்கிறது. இந்தக் கேமராவுக்கு 0.4 வோல்ட் கூடுதல் ஒரு பொருட்டில்லை. சிக்கல் அளவில்தான்: புதியது பழையதைவிடக் குட்டை, ஒல்லி. கெட்டிக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிப் பேட்டரியை அதற்குள் செருகுங்கள். மீதி நீளத்துக்கு ஒரு சிறு உலோக ஸ்பிரிங் வையுங்கள். இணையத்தில் இதற்கென்றே அடாப்டர் விற்கிறார்கள், அதுவும் நல்லது. எந்தப் பக்கம் பிளஸ் என்பதைப் பேட்டரி அறையில் உள்ள குறியைப் பார்த்தே போடுங்கள். அறைக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

பின்பக்கப் பேட்டரிப் பொத்தானை அழுத்தினால், படம் எண்ணும் சாளரத்தில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். பத்தில் பல முறை தொடுமுனை அழுக்கும் துருப்பிடித்த கம்பியும்தான் காரணம். பேட்டரியே இல்லாவிட்டாலும் இந்தக் கேமராவின் ஷட்டர் 1/500 நொடியில் ஒரே சீராக வேலை செய்யும். அதனால் 'ஷட்டர் கிளிக் ஆகிறது, கேமரா நன்றாக இருக்கிறது' என்ற விற்பனையாளர் பேச்சுக்கு எலக்ட்ரோவைப் பொறுத்தவரை மதிப்பில்லை.

அடுத்தது இந்த மாடலுக்கே உரிய நோய். படம் எடுத்தபின் நெம்பு­கோலைச் சுழற்றும்போது உள்ளே 'டக்' என்று ஒரு தெளிவான சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், உள்ளிருக்கும் ஒரு சிறு ரப்பர் பட்டை நைந்து போயிருக்கிறது. அது போனால் மின்தொடர்புகள் உரிய நேரத்தில் சேராது, பிரியாது. வெளிச்சம் மிகுதி என்று சொல்லும் சிவப்பு விளக்கும் குறைவு என்று சொல்லும் மஞ்சள் விளக்கும் தாறுமாறாக எரியும், படங்களின் வெளிச்ச அளவு தப்பும். பட்டை காசுக்குப் பெறாத பொருள். ஆனால் மாற்ற உடலைத் திறக்க வேண்டும். லென்ஸைச் சுத்தம் செய்யப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே தடவையில் செய்தால் கூலியும் மிச்சம்.

வெளிச்சத்துக்கேற்பக் கேமராவே அமைக்கும் தானியங்கி ஷட்டர் வேகம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்துகொண்டு, மங்கிய அறையைப் பார்த்து எஃப் 16இல் (லென்ஸின் துளை மிகச் சிறிதாக) சொடுக்குங்கள். ஷட்டர் சில நொடிகளாவது திறந்தே நிற்க வேண்டும். அதே இடத்தில் எஃப் 1.7இல் (துளை மிகப் பெரிதாக) சட்டென மூட வேண்டும். வித்தியாசமே இல்லை என்றால் மின்சுற்றிலோ அந்தப் பட்டையிலோ கோளாறு.

இனி லென்ஸ். பேட்டரி போட்டு, அழுத்தும் வரை ஷட்டர் திறந்தே நிற்கும் 'பி' நிலையில், எஃப் 1.7இல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, பின்பக்கத்திலிருந்து கைத்தொலைபேசி விளக்கைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். கிளை விட்ட நூல் போலவோ நட்சத்திரம் போலவோ தெரிவது பூஞ்சை. பால் ஊற்றியது போன்ற சீரான மங்கல், பழைய கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தோடு உள்நோக்கிப் பரவுவது, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போனது; அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு கேமராவே வாங்கிவிடலாம்.

பூஞ்சை அமிலத்தைக் கக்கும். அது முதலில் கண்ணாடியின் மேற்பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரிக்கும். புதிதாக இருந்தால் தடமின்றிப் போகும். முற்றியிருந்தால் நூலைத் துடைத்தபின்னும் அதன் வடிவம் அரிப்பாக நிற்கும். வெயிலில் வைப்பது வளர்ச்சியைத் தடுக்கலாம், அரித்ததை மீட்காது. ஓரமாக நாலைந்து நூல் இருந்தால் சாதாரணப் படங்களில் அது தெரியவே தெரியாது. எதிர்வெயிலிலும் இரவு விளக்குகளிலும் மட்டும் படம் வெளிறும்.

பழுதுபார்ப்பவர்கள் மூன்று விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து பூஞ்சையைத் துடைப்பது வழக்கம். வீட்டில் இதை முயல வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஜப்பானிய கேமரா திருகுகள் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர வகை; சாதாரண நட்சத்திரத் திருப்புளி அவற்றின் தலையை மழுக்கிவிடும். உட்புறக் கண்ணாடிகளை எடுத்து மாட்டும்போது குவியம் நகர்ந்தால், அதை மறுபடி நிலைப்படுத்தக் கருவி வேண்டும். நினைவுக்குரிய கேமராவில் கை பழக வேண்டாம். பழக ஆசையிருந்தால் உடைந்த கேமரா ஒன்றை வாங்கிப் பிரியுங்கள்.

நீங்களே தாராளமாகச் செய்யக்கூடியது பின்கதவின் நுரைப்பட்டை. நம் வெக்கையில் இது கருப்புத் தார் போல உருகிப் பிசுபிசுக்கும். ஐஸ்கிரீம் குச்சியைக் கூராகச் சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துக் காடிகளைச் சுரண்டுங்கள். துகள்கள் ஷட்டர் பக்கம் விழாதபடி நடுவில் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். நீளக் காடிகளுக்குக் கருப்புக் கம்பளி நூலே போதும். கீல் பக்கத்துக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நுரை. அதைவிடத் தடித்தால் கதவு சரியாக மூடாது. பழைய பட்டையோடு படம் எடுத்தால் ஓரத்தில் ஆரஞ்சுச் சிவப்புத் தீற்றல் விழும்.

முதல் ரோலை நினைவுப் படங்களுக்குச் செலவிடாமல் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். எலக்ட்ரோவின் உச்ச வேகம் 1/500 மட்டுமே. நம் நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்திறன் எண்) 400 போட்டால் எஃப் 16ஐத் தவிர வேறெதிலும் சிவப்பு விளக்கு எரிந்து மிரட்டும். வெளியே எடுக்க ஐஎஸ்ஓ 200 பொருத்தம். பிலிமை மாட்டியதும் நெம்புகோலைச் சுழற்றும்போது இடப்பக்கத் திருகுமுனையும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் பிலிம் பற்களில் ஏறவில்லை. 36 படமும் வீண்.

சோதனை இப்படி: எதிர் புளோக்கின் சுவரை ஒரே வெளிச்சத்தில் எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுங்கள். சிவப்பு விளக்கு எரியும் எண்ணை விட்டுவிடுங்கள். ஷட்டர் சரியென்றால் நெகட்டிவில் இவை எல்லாம் ஒரே அடர்த்தியில் இருக்கும். ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனர் வெளிச்சப் பிழையைத் தானே திருத்திவிடும். பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி ஒன்றரை மீட்டரில் எஃப் 1.7இல் ஒன்று. வியூஃபைண்டரில் தொலைதூரக் கட்டடத்தைப் பார்த்து குவியத்தை முடிவிலியில் வைத்தால், நடுவில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். அப்படியே ஒரு படம். எதிர்வெயிலில் ஒன்று, பூஞ்சையின் பாதிப்பைக் காண. ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒளி அளக்கும் கண் லென்ஸுக்கு வெளியே, கேமராவின் நெற்றியில் இருக்கிறது. மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் அதற்குத் தெரியாது. ஐஎஸ்ஓ எண்ணை நீங்கள்தான் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லதுதான். ஆனால் எடுத்தபின் இரண்டு மணி நேரமாவது டப்பாவைத் திறக்காமல் விடுங்கள், இல்லையேல் பிலிமில் நீர் பூக்கும். ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோகும் கேமராவுக்கும் இதே கதி. ஜிப் பையில் போட்டு எடுத்துச் சென்று அரை மணி கழித்துத் திறங்கள். எடுத்து முடித்த ரோலைக் கார் டிக்கியில் மறந்துவிட்டால் அதன் நிறம் சாயும். விமானப் பயணத்தில் பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. கைப்பையிலும் புதிய சிடி வகை (முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேனர்கள் பிலிமைக் கெடுக்கும், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனிச் சேகரிப்பு. ஈரப்பதம் தடையில்லை, உள்ளிருக்கும் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின் அலமாரியான டிரை கேபினெட் இருந்தால். கேமரா வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். வரிசை மாறக் கூடாது. 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். 30க்குக் கீழே இறக்கினால் கேமராவின் தோல் சுருங்கும், பழைய கிரீஸ் காயும். முகப்பில் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்: ஒரு மூடியில் உப்பை ஈரமாகக் குழைத்து, தனி ஈரப்பத மானியோடு ஜிப் பையில் அடைத்து எட்டு மணி நேரம் விடுங்கள். மானி 75 காட்ட வேண்டும். எவ்வளவு பிசகுகிறதோ அதைக் கழித்துக்கொண்டு கேபினெட்டுக்குள் வையுங்கள். தற்காலிகமாக, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்தால் ஜெல் மறுபடி உழைக்கும்.

எத்தனை கேமரா? மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் எடுத்து, எல்லா வேகத்திலும் இருபது தடவை சொடுக்க உங்களால் எத்தனைக்கு முடியுமோ அத்தனைதான். சொடுக்காத ஷட்டரில் எண்ணெய் கெட்டிப்பட்டு மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும். இருபது கேமராவை அடுக்கி வைத்திருப்பவரைவிட நான்கை ஓட வைத்திருப்பவரிடம்தான் பத்து ஆண்டு கழித்தும் ஓடும் கேமரா இருக்கும்.

இரண்டாவது கேமராவாக முழு இயந்திர ஷட்டர் உள்ளதை எடுங்கள்: 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000, 1977இன் நிக்கான் எஃப்எம். இரண்டும் பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கும். ஒளிமானிக்கு மட்டும் சாதாரண எல்ஆர்44 வேண்டும். ஒலிம்பஸ் ஓஎம்-1 கைக்கு இதமானது, ஆனால் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி கேட்கும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும், ஓரிரு மாதத்தில் தீர்ந்துபோகும். கேனான் ஏஇ-1 வாங்குவதானால் சொடுக்கும்போது இருமல் போல் ஒலி வருகிறதா என்று கேளுங்கள். அது உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியை இயக்கும் பற்சக்கரம் வறண்டதன் அறிகுறி, எண்ணெயிட்டால் தீரும். விலை ஏறிக்கிடக்கும் மின்னணுச் சிறு கேமராக்களைத் தொடாதீர்கள். உள்ளே மின்சுற்றுப் பலகை எரிந்தால் உதிரிப் பாகமே கிடையாது.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடிவிட்டது. இப்போது சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் உள்ள பழைய கேமராக் கடைகளும் காரோசெல் இணையச் சந்தையும்தான் வழி. போகும்போது இரண்டு எல்ஆர்44, ஒரு கைவிளக்கு, வீணான பிலிம் ரோல் ஒன்று கொண்டுபோங்கள். 1 நொடி வேகத்தை வைத்துச் சொடுக்கிக் காதால் எண்ணுங்கள். இழுத்தாலோ பாதியில் நின்றாலோ சர்வீஸ் செலவை விலையில் கழியுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் பெரிய இணையத் தளங்கள் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்க்கும்.

கடைசியாக, அதே அலமாரியில் அப்பா எடுத்த நெகட்டிவ்கள் இருந்தால் கேமராவுக்கு முன் அவற்றைக் காப்பாற்றுங்கள். நெகட்டிவின் மேலடுக்கு ஜெலட்டின். பூஞ்சைக்கு அதுவே உணவு. தண்ணீர் படவிடாதீர்கள், பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும். பழைய பிவிசி உறைகளிலிருந்து எடுத்து, மென்தூரிகையால் தூசி தட்டி, பாலிபுரொப்பலீன் உறைக்கு மாற்றி டிரை கேபினெட்டில் வையுங்கள். பூஞ்சை படர்ந்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பளபளப்பான அடிப்பக்கம் மட்டும் துடைத்து, மேற்பக்கத்தைத் தொடாமல் ஸ்கேன் செய்துவிடுங்கள்.