முடவனுக்குக் கிடைத்த ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து மாற்றலாகி மயிலாடுதுறைக்கு வந்து ஓராண்டாகிறது. வங்கி வேலை. ஐப்பசிக் கடைசியில் கடைமுழுக்கு என்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டார்கள். மகளுக்குப் பள்ளி இல்லை. எனக்கு மட்டும் வங்கி இருந்தது. எதற்காக இந்த விழா என்று அவள் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. அதுவும் போக, மறுநாளும் ஏன் ஆற்றில் கூட்டம்?

சு., மயிலாடுதுறை

அன்புள்ள சு.,

முதலில் உங்கள் வயிற்றெரிச்சல். ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்துக்குள் வராது. ஆகவே வங்கிக்குப் பூட்டு இல்லை. கருவூலத்தில்கூடச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மகளையும் ரொம்பக் குதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போய் அந்த நாளை அடைக்க வேண்டியிருக்கும். உள்ளூர் விடுமுறை என்பது கைமாற்றுதான்.

இனி கதை. ஊர் உலகத்துப் பாவமெல்லாம் கங்கையில் கரைகிறது. அந்தச் சுமையைக் கங்கை எங்கே இறக்குவாள்? சூரியன் துலா ராசியில் இருக்கும் ஐப்பசியில் மாயூரத்துக்கு, அதாவது நம் மயிலாடுதுறைக்கு வந்து, துலாக்கட்டப் படித்துறையில் காவிரியில் மூழ்கி எழுவாள் என்பது ஐதீகம். மாதக் கடைசி நாளில் மாயூரநாதர், வடகரை வதானேஸ்வரர் முதலிய சுவாமிகள் இரு கரைகளிலும் எழுந்தருள, சுவாமியின் ஆயுத வடிவான அஸ்திரதேவருக்குத் தீர்த்தவாரி நடக்கும். அதுதான் கடைமுழுக்கு. 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்று எங்களூர்க்காரர்கள் மீசை முறுக்குவதற்குக் கங்கையே சாட்சி. ஆற்றில் தண்ணீர் இருந்தால் மீசை இன்னும் நன்றாக முறுகும். 2017இல் காவிரிப் புஷ்கர நீராட்டு விழாவுக்கு ஆற்றுக்குள் தொட்டி கட்டி நீர் நிரப்பியதையும் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

எனக்குப் பிடித்தது மறுநாள். வெகுதொலைவிலிருந்து கிளம்பிய முடவன் ஒருவன் தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் கிடந்து அழுதான். இறைவன் மனமிரங்கி, கார்த்திகை முதல் தேதியில் முழுகினாலும் துலா முழுக்கின் பலன் உண்டு என்றார். அதுதான் முடவன் முழுக்கு. கணக்கை முடித்து, ஷட்டரை இறக்கியபின் வந்து நிற்பவருக்காக மறுபடி திறப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வங்கிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு விடுமுறை கடைமுழுக்குக்குத்தான். இந்த நாளுக்கு இல்லை. முடவனிடம் யாரும் பதிலுக்குச் சனிக்கிழமை கேட்கவும் இல்லை.

என் அத்தை ஒருத்தி கடைத்தெருவில் பூ விற்றாள். கடைமுழுக்கன்று விடியற்காலை முதல் இரவு வரை வியாபாரம்; கூடையை விட்டு நகர முடியாது. காவிரி நூறடி தூரம்தான். ஆண்டுதோறும் அவள் முழுகியது மறுநாள்தான். "எனக்கும் சேர்த்துத்தான் அந்த நொண்டி அழுதிருக்கான்" என்பாள்.

அடுத்த கார்த்திகை முதல் தேதி மகளை அழைத்துக்கொண்டு ஆறு மணிக்குப் போய்விடுங்கள். முழுகி, துவட்டி, இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு வங்கியில் இருக்கலாம்.