மகன் பழைய கார் திருத்தப் போகிறேன் என்கிறான், விடலாமா?

வணக்கம் அண்ணை,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகனுக்குப் பதினேழு வயது, ஏ லெவலில் கணக்கும் பௌதிகமும் டிசைனும் படிக்கிறான், எஞ்சினியராக வருவான் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, இப்போது பார்த்தால் பல்கலைக்கழகம் வேண்டாம், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் திருத்தும் பட்டறையில் அப்ரென்டிஸாக, அதாவது சம்பளத்தோடு தொழில் பழகுபவனாகச் சேரப்போகிறேன் என்று நிற்கிறான். கராஜில் கிறீஸ் பூசவா இவ்வளவு பாடுபட்டு லண்டனுக்கு வந்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் கராஜும் அவன் போக நினைக்கும் இடமும் ஒன்றல்ல.

இன்றைய கராஜில் கார் வந்தால் கம்பியூட்டரைச் செருகுகிறார்கள், எது பழுது என்று அது சொல்கிறது, அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிறார்கள். 1965 ஆம் ஆண்டு எம்ஜிபி என்கிற ஸ்போர்ட்ஸ் காரில் செருகுவதற்கு ஒரு துவாரமும் கிடையாது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு இருக்கும், இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். அனுபவசாலிகள் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் இரைச்சலையும் ஒப்பிட்டே சரிசெய்துவிடுவார்கள். முன் சக்கரங்களைத் தாங்கும் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டும், விட்டால் தேய்ந்துபோகும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, இணைந்திருக்கும், அது தெரியாமல் இந்தக் காலத்து ரேடியோவைப் பூட்டினால் புகை வரும். இதெல்லாம் வெறும் சேர்விஸ்.

பழுதான ஒன்றை மீட்டெடுப்பது இன்னும் பெரிய வேலை. எம்ஜிபிக்குத் தனியாக ஒரு சட்டகம் இல்லை, பொடியே சட்டகம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்கிற இரும்புப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு, அதிலும் கூரை இல்லாத காரில் பாரம் பெரும்பாலும் அதன் மேலேதான். இந்த நாட்டு மழையும் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் சேர்ந்து அந்தப் பெட்டியை உள்ளேயிருந்து கறள் பிடிக்க வைக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அதை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணி இறுக்கிவிடவேண்டும். இல்லாவிட்டால் வெட்டியவுடன் கார் நடுவில் தொய்ந்துவிடும், அந்தத் தொய்வோடேயே புதுத் தகட்டை ஒட்டி, பெயின்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு பார்த்தால் கதவு பூட்டாது. பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டு முற்றத்தில் இதைச் செய்து கெடுத்தவர்கள் நிறையப் பேர். எந்த இடத்தில் பாரம் எப்படி இறங்குகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை சரிவரும், அதாவது உங்கள் மகன் படிக்கிற பௌதிகம்.

காருக்குக் கார் கலையும் மாறும். லோட்டஸ் எலானின் பொடி ஃபைபர் கிளாஸ், அது கறள் பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகம் பிடிக்கும். மோல்வர்னில் செய்யப்படும் மோர்கன் கார்களில் தகட்டுக்குப் பின்னால் இருப்பது ஆஷ் மரச் சட்டம், அங்கே தச்சுவேலை வேண்டும். 1961 இல் வந்த ஜாகுவார் இ டைப்பின் நீண்ட முன்மூடியைப் பக்கத்துத் தகடுகளோடு இடைவெளி பிசகாமல் பொருத்துவது தனி வித்தை. இருக்கைத் தோல் தைப்பவர், எஞ்சின் மட்டும் பிரித்துக் கட்டுபவர், வயரிங் மட்டும் செய்பவர் என்று ஆட்கள் வேறு வேறு. மகனிடம் இதில் எது பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? கார் பிடிக்கும் என்பது மட்டும் பதில் என்றால் அவன் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது நம் ஊரில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் எப்படி ஓடின என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, அப்புறம் மண்ணெண்ணெய். புது உதிரிப்பாகம் வர வழியில்லை, இருப்பதைக் கடைந்தும் ராவியும்தான் ஓட்டினார்கள். அந்த மைனருக்கு 1952 முதல் பூட்டிய ஏ சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான் 1958 இல் வந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதயம், அதன் ஸ்டியரிங் ரேக்கும் மைனருடையதே. 1990களில் பாத் நகரத்து மொரிஸ் மைனர் பட்டறைக்காரர் ஒருவர் மைனருக்கான தகடுகளை இலங்கையிலேயே செய்வித்து இங்கே இறக்கியது இன்னொரு கதை. உங்கள் மகன் படிக்க ஆசைப்படுவது நம் ஊர்க் கராஜ்காரர் செய்த அதே வேலையைத்தான். அவர்களை நாம் மெக்கானிக் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனோம், இங்கே அதே கைக்கு வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார்.

சரி, காசு. கணினித் துறைக்குப் போன உங்கள் அண்ணன் மகனோடு ஒப்பிட்டால் இவன் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இதை நான் மறைக்கப் போவதில்லை. அப்ரென்டிஸுக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டு. ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டு என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மூன்று நான்கு வருடக் கடன் ஒரு பக்கம், மூன்று நான்கு வருடச் சம்பளம் மறுபக்கம். பலர் கவனிக்காத இன்னொரு விஷயம், பிள்ளை அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் அவன் பெயரில் அரசு உங்களுக்குத் தரும் சைல்ட் பெனிஃபிட் என்கிற பிள்ளைக் கொடுப்பனவு நின்றுவிடும்.

எங்கே படிப்பது என்றால், பழைய விமானப்படைத் தளமான பிஸ்டர் ஹெரிட்டேஜில் ஹெரிட்டேஜ் ஸ்கில்ஸ் அகாடமி இருக்கிறது, புரூக்லண்ட்ஸிலும் நடத்துகிறார்கள். ஆனால் அப்ரென்டிஸ் என்றால் நேரே அங்கே போய்ச் சேர்ந்துவிட முடியாது, முதலில் ஒரு பட்டறை முதலாளி அவனை வேலைக்கு எடுக்கவேண்டும். வேலை பட்டறையில், இடையிடையே வகுப்பு. பட்டறைகள் பெரும்பாலும் சிறியவை, ஐந்தாறு பேர் இருப்பார்கள், ஒக்ஸ்போர்ட்ஷயர், கொவென்ட்ரிப் பக்கம், கிராமத்துப் பழைய பண்ணைக் கொட்டகைகள் என்று பஸ் போகாத இடங்களில் இருக்கும். ஆகவே டிரைவிங் லைசென்ஸ் இப்போதே எடுக்கட்டும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெடியனை ஒரு பட்டறைக்குப் பரிந்துரைத்தேன், பெயர் வேண்டாம், வாசலில் நின்ற ஜாகுவார்களைப் பார்த்து நானே மயங்கிவிட்டேன். எட்டு மாதம் அவன் தரை கூட்டினான், தேநீர் போட்டான், கார் கழுவினான். வெல்டிங் டோர்ச்சை ஒருவரும் கையில் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாரை அனுப்பினாலும் மூன்று விஷயம் கேட்கச் சொல்கிறேன்: முதல் வருடத்தில் என்னென்ன கற்றுத்தருவீர்கள் என்று எழுத்தில் தர முடியுமா, யார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார், முன்பு இங்கே படித்தவர் இப்போது எங்கே வேலை செய்கிறார். இதற்குத் தடுமாறுகிற முதலாளியிடம் எவ்வளவு அழகான கார் நின்றாலும் வேண்டாம்.

அக்கா அவனுடைய உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் கவலை வீணில்லை. இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ பேக் பெயின்டில் இருக்கும் ஐசோசயனேட் என்கிற இரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண முகமூடி போதாது, குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச்சிலும் காஸ்கெட்டிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அதைக் காற்றடித்துத் துப்பரவாக்கவே கூடாது. பட்டறையைப் பார்க்கப் போகும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பெயின்ட் அறையைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது நீங்கள் பெரிதாகக் கேட்ட கேள்வி, எல்லாம் மின்சாரக் காராகப் போகும் காலத்தில் இந்தத் தொழில் நிற்குமா? இந்த நாட்டில் 2030 இல் வரப்போகிற தடை புதுப் பெற்றோல் கார் விற்பனைக்குத்தான், ஏற்கெனவே ஓடுகிறவற்றுக்கு இல்லை. நாற்பது வருடம் கடந்த காருக்கு ரோட் டாக்ஸ் கட்டணம் இல்லை, அதில் பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி என்கிற வருடாந்தச் சோதனையும் 2018 மே மாதத்திலிருந்து கட்டாயம் இல்லை. ஓட்டுவதற்கு அரசு இடைஞ்சல் கொடுக்கவில்லை. அதோடு மாற்றும் வேலை என்று ஒரு கிளையே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன எம்ஜிகள் கலிபோர்னியா போன்ற காய்ந்த இடங்களிலிருந்து கறள் இல்லாமல் திரும்பி வருகின்றன, அவற்றின் ஸ்டியரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றவேண்டும். ஐந்து கியர் பெட்டி பூட்டுகிறார்கள். எஞ்சினையே தூக்கிவிட்டு மோட்டாரும் பற்றரியும் வைக்கிறார்கள், 2018 இல் இளவரசர் ஹரி கல்யாணத்தன்று ஓட்டிப்போன இ டைப் அப்படி மாற்றியதுதான். பழைய ரசிகர்களுக்கு இது பிடிக்காது, எனக்கும் அந்தச் சத்தம் இல்லாத இ டைப் உப்பில்லாத சோறு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் உயர் மின்னழுத்த வேலைக்கான தகுதிச் சான்றிதழையும் மகன் எடுத்து வைத்திருந்தால் இரண்டு பக்கமும் அவனுக்கு வேலை உண்டு.

என் பயம் மின்சாரம் இல்லை, வயசு. இளமையில் எம்ஜிபிக்கு ஏங்கியவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல். அவர்களுக்குப் பிறகு அந்தக் காரை யார் வாங்குவார்? ஒரு பகுதி ஆட்கள் குறைவார்கள் என்றே நினைக்கிறேன், அடுத்த தலைமுறைக்கு ஆசை தொண்ணூறுகளின் மாஸ்டா எம்எக்ஸ் 5 மேலே. அதனால் மகன் ஒரு மாடலுக்குப் பைத்தியமாக இருக்கட்டும், ஆனால் கற்பது தகட்டு வேலையாகவோ எஞ்சின் கட்டுவதாகவோ இருக்கட்டும். தகடு தெரிந்தவனுக்கு எந்தக் காலத்துக் காரும் கார்தான். தவிர, இந்த வேலையைக் கரைத்துக் குடித்தவர்களும் ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் கற்க இன்னும் கொஞ்ச வருடம்தான் இருக்கிறது.

நான் சொல்வது இதுதான். ஏ லெவலை இடையில் விடவேண்டாம், அதில் அவன் பேச்சைக் கேட்காதீர்கள். இன்னும் ஒரு வருடம். அது கையில் இருந்தால் இருபத்திரண்டு வயதில் மனம் மாறி எஞ்சினியரிங் படிக்கப் போனாலும் கதவு திறந்திருக்கும். அந்த ஒரு வருடத்தில் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பட்டறையில் உதவிக்கு நிற்கட்டும், முக்கியமாக ஜனவரியில், ஹீட்டர் இல்லாத கொட்டகையில் நாள் முழுக்க ஒரே கதவை உப்புத்தாளால் தேய்க்கிற நாளில். செய்ததையெல்லாம் படம் எடுத்து ஒரு கோப்பாக வைத்திருக்கட்டும், முதலாளிகள் மார்க்கை விட அதைத்தான் பார்ப்பார்கள். ஈஸ்டர் தாண்டியும் அவன் விடிய ஆறு மணிக்குத் தானாக எழும்பிப் போனால் எனக்கு எழுதுங்கள், அடுத்த படியைப் பேசுவோம்.

முதல் நாள் புதுச் சப்பாத்தோடு அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் எல்லாம் ஒயில் ஒழுகும்.